திராட்சைத் தோட்ட ஓவியம் வாங்கப்போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"வான்கோ பாணியில் திராட்சைத் தோட்டம், கையால் வரைந்தது" என்று இணையத்தில் தேடினால் பக்கம் பக்கமாக வந்து கொட்டும். எதை வாங்குவது, எதை விடுவது என்று நண்பர்கள் கேட்டுக் கேட்டு, பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. நான் ஓவியன் இல்லை. சுவருக்கு ஓவியம் வாங்குகிற ஆள். அதில் இரண்டு முறை நன்றாக ஏமாந்தும் இருக்கிறேன்.

பின்-இம்ப்ரெஷனிஸ்ட் பாணி என்றால் சரியாக என்ன?

கண்ணில் படும் ஒளியை அந்தக் கணத்திலேயே பிடித்துவிடப் பார்த்தவர்கள் இம்ப்ரெஷனிஸ்டுகள். மோனே, பிசாரோ, ரென்வார் எல்லாம் அந்தக் கூட்டம். அவர்களிடம் கற்றுக்கொண்டு, பிறகு அது போதாது என்று தனித்தனி வழியில் போனவர்களைத்தான் பின்-இம்ப்ரெஷனிஸ்டுகள் என்கிறோம். செசான் மலையையும் மரத்தையும் செங்கல் அடுக்குவதுபோல் தூரிகைத் தடங்களால் கட்டினார். ஸெரா எல்லாவற்றையும் புள்ளிகளாக உடைத்தார். கோகன் வண்ணத்தைப் பாய் விரித்ததுபோல் தட்டையாகப் பரப்பினார். வான்கோ அதைக் குழைத்து அப்பினார்.

இந்தப் பெயரை அவர்கள் யாரும் வைத்துக்கொள்ளவில்லை. 1910இல் லண்டன் கிராஃப்டன் காலரியில் ரோஜர் ஃப்ரை என்ற விமர்சகர் ஒரு கண்காட்சி நடத்தினார். அதற்கு "மானேவும் பின்-இம்ப்ரெஷனிஸ்டுகளும்" என்று தலைப்பு வைத்தார், பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்குள் மேலே சொன்ன நால்வருமே இறந்துவிட்டிருந்தார்கள்.

வாங்குகிறவருக்கு இதில் என்ன என்று கேட்டால், ஒன்று இருக்கிறது. "பின்-இம்ப்ரெஷனிஸ்ட் பாணி" என்று மட்டும் விற்பவர் சொன்னால், அது யாருடைய வழி என்று திருப்பிக் கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரிடம் மேற்கொண்டு பேசலாம்.

திராட்சைத் தோட்டம் எங்கிருந்து வந்தது? இவை எந்த ஓவியங்களைப் பார்த்து வரையப்படுகின்றன?

பெரும்பாலும் 1888ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்திலிருந்து. தெற்கு பிரான்ஸில் உள்ள ஆர்ல் என்ற ஊரிலிருந்து. அந்த ஆண்டு பிப்ரவரியில் வான்கோ பாரிஸை விட்டு அங்கே வந்து சேர்ந்தார். அக்டோபர் தொடக்கத்தில் "பச்சைத் திராட்சைத் தோட்டம்" என்ற ஓவியத்தைத் தோட்டத்திலேயே நின்று வரைந்தார். அந்தப் பக்கம் மிஸ்ட்ரல் என்று ஒரு வடகாற்று அடிக்கும். ஓவியம் வைக்கும் முக்காலியின் கால்களைத் தரையில் முளையடித்துக் கட்டித்தான் அவர் வேலை பார்ப்பார். கீழ்ப்பாதி முழுக்கப் பச்சையும் ஊதாவுமாகக் கொடிகள் முறுக்கிக்கொண்டு கிடக்கும். நடுவே சிவப்புக் குடை பிடித்த பெண்கள் பொட்டுப் பொட்டாகத் தெரிவார்கள். இது இப்போது நெதர்லாந்தின் ஓட்டர்லோவில், க்ரோலர்-முல்லர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அக்டோபர் 23 அன்று கோகன் வந்து அவரோடு தங்கினார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. மழை விட்ட சாயங்காலம் இருவரும் நடந்து போனார்கள். அறுவடை நடக்கும் ஒரு தோட்டம் செக்கச்செவேல் என்று கண்ணில் பட்டது. தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில் வான்கோ அதை விவரிக்கிறார்: தோட்டம் முழுக்க ஒயின்போலச் சிவப்பு, தூரத்தில் அதுவே மஞ்சளாக மாறுகிறது, வானம் பச்சை, மழையில் நனைந்த மண் ஊதா, சூரியன் பட்ட இடமெல்லாம் மஞ்சள் மினுக்கம். வீட்டுக்கு வந்தபிறகு நினைவிலிருந்தே வரைந்தார். நினைவிலிருந்து வரை என்பது அப்போது கோகன் அவரைத் தூண்டிக்கொண்டிருந்த விஷயம். அப்படி உருவானதுதான் "சிவப்புத் திராட்சைத் தோட்டம்". இன்று மாஸ்கோவின் புஷ்கின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதே தோட்டத்தைப் பார்த்த கோகன் என்ன வரைந்தார் தெரியுமா? தலையைக் கைகளில் தாங்கி உட்கார்ந்திருக்கும் ஒரு பெண், பின்னால் சுவர்போல நிற்கும் சிவப்பு. பெயர் "மனிதத் துயரங்கள்". பெண்களுக்கு ஆர்ல் உடையே இல்லை, பல நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பிரிட்டனி மாகாணத்து உடை. பொருந்தவில்லையே என்று அவர் கவலைப்படவும் இல்லை. அந்த நாட்களில் கோகன் ஆர்லில் இருபது மீட்டர் சணல் துணி வாங்கிவந்து, இருவரும் அந்தச் சாக்குத் துணியில் வரைந்துகொண்டிருந்தார்கள். கோகன் வழியில் வரையப்பட்ட நல்ல தழுவல்களில் இன்றும் அந்தச் சொரசொரப்பைக் காணலாம். மூலம் டென்மார்க்கில், கோபன்ஹேகனை ஒட்டிய ஓர்ட்ரப்கார்டில் இருக்கிறது.

1890இல், கடைசி மாதங்களில், ஓவேர் கிராமத்திலும் வான்கோ திராட்சைக் கொடிகளை வரைந்தார். பச்சை மேலோங்கிய அந்த ஓவியம் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. விற்பனைக்கு வரும் தழுவல்களில் அதைப் பார்ப்பது அபூர்வம். எனக்கு என்னவோ அதுதான் வீட்டில் வைத்துக்கொள்ள ஏற்றது என்று படும். சிவப்புத் தோட்டத்தோடு தினமும் சாப்பாட்டு மேசையில் உட்காருவது கொஞ்சம் சிரமம்.

வான்கோ உயிரோடு இருந்தபோது விற்ற ஒரே ஓவியம் "சிவப்புத் திராட்சைத் தோட்டம்"தானாமே?

விற்பனைப் பக்கங்களில் இந்தக் கதை தவறாமல் இருக்கும். பாதி சரி. 1890இல் பிரஸ்ஸல்ஸில் "லே வான்" என்ற கலைஞர் குழுவின் கண்காட்சியில் இந்த ஓவியம் வைக்கப்பட்டது. அன்னா பாக் என்ற பெல்ஜிய ஓவியர் 400 ஃபிராங்க் கொடுத்து வாங்கினார். அந்தக் குழுவில் இருந்த பெண் அவர். அவருடைய தம்பி எஜேன் பாக், வான்கோவின் நண்பர். ஆர்லில் வான்கோ அவருடைய உருவப்படத்தை விண்மீன் பின்னணியில் வரைந்திருக்கிறார். 1909இல் இவான் மொரோசோவ் என்ற மாஸ்கோ வணிகர் சிவப்புத் தோட்டத்தை வாங்கினார். புரட்சிக்குப் பிறகு அவருடைய சேகரிப்பு அரசுடைமை ஆனது. அப்படித்தான் ஓவியம் ரஷ்யாவில் நிலைத்தது.

ஆனால் "ஒரே" என்பது மிகை. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே ஹேக் நகரக் காட்சிகளை வரைந்து தரச் சொல்லி அவருடைய சித்தப்பா பணம் கொடுத்திருக்கிறார். காசு வாங்கிக்கொண்டு கொடுத்த வேலைகள் வேறும் உண்டு. கதை கேட்க நன்றாக இருக்கிறது, இருக்கட்டும். அந்தக் கதைக்காக ஒரு நகலின் விலையை ஏற்றினால் மட்டும் சிரித்துவிட்டு நகருங்கள்.

வான்கோவின் மூல ஓவியமே எங்காவது விலைக்கு வருமா?

உங்களுக்கும் எனக்கும் வராது. வாட்ஸ்அப்பில் வந்தால் அது மூலம் இல்லை.

"தழுவல்", "நகல்", "ஜிக்லே பிரிண்ட்", "டெக்ஸ்சர்டு கேன்வாஸ்" என்றெல்லாம் போட்டிருக்கிறார்கள். எது எது?

இங்கேதான் பணம் வீணாகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தழுவல் என்றால் ஓர் ஓவியர் தன் சொந்தக் காட்சியை அந்தப் பாணியில் வரைந்தது. அவர் பிரான்ஸுக்குப் போய்ப் பார்த்து வரைந்திருக்கலாம், புகைப்படம் வைத்தும் வரைந்திருக்கலாம். எப்படியானாலும் அது உலகில் ஒன்றுதான் இருக்கும். கீழே அவருடைய கையெழுத்துதான் இருக்க வேண்டும்.

கையால் வரைந்த நகல் என்பது பழைய ஓவியத்தைப் பார்த்து அப்படியே எண்ணெய் வண்ணத்தில் எடுத்தது. இதற்குப் பெயர்போன இடம் சீனாவில் ஷென்ஜென் நகரத்தின் டாஃபன். 1989இல் ஹாங்காங்கைச் சேர்ந்த ஓர் ஓவியர்-வியாபாரி சில வரைகலைஞர்களோடு அங்கே பட்டறை போட்டார். பிறகு ஊரே நகல் வரையும் ஊராக மாறியது. இதைக் கேவலமாகப் பேச வேண்டியதில்லை. வருடக்கணக்காக வான்கோவையே வரைந்த கைக்கு அந்தத் தூரிகை ஓட்டம் நன்றாகவே பழகியிருக்கும். தரம் ஆளுக்கு ஆள் மாறும், அவ்வளவுதான்.

ஜிக்லே என்பது நல்ல இங்க்ஜெட் அச்சுக்கு வைத்த பிரெஞ்சுப் பெயர். பிக்மென்ட் மை (நிறமித் துகள் கலந்த மை), நல்ல தாள் அல்லது கேன்வாஸ், சரியான கோப்பு மூன்றும் இருந்தால் அருமையான பொருள். "12/50" என்று பென்சிலில் எழுதியிருந்தால், ஐம்பது பிரதிகளில் இது பன்னிரண்டாவது என்று அர்த்தம்.

கடைசியாக டெக்ஸ்சர்டு கேன்வாஸ். கேன்வாஸில் அச்சடித்து, அதன்மேல் நிறமில்லாத ஜெல்லைத் தூரிகையால் தடவிக் காயவிடுவார்கள். தூரத்தில் பார்த்தால் எண்ணெய் வண்ண மேடுபள்ளம்போலவே இருக்கும். இதை இதன் பெயரிலேயே விற்றால் தப்பில்லை. "கையால் மெருகூட்டப்பட்டது" என்று எழுதி, நாம் "கையால் வரைந்தது" என்று படித்துக்கொள்ளட்டும் என்று விடுவதுதான் தப்பு.

கையால் வரைந்ததுதானா என்று நேரில் எப்படிக் கண்டுபிடிப்பது?

கைப்பேசியின் டார்ச்சைப் போட்டு, ஓவியத்தின் பக்கவாட்டில், பரப்புக்கு ஒட்டினாற்போல் பிடியுங்கள். மேடு இருக்கும் இடத்தில் எல்லாம் நிழல் விழும். இப்போது ஒவ்வொரு மேட்டையும் அதன் நிறத்தோடு சேர்த்துப் பாருங்கள். உண்மையான ஓவியத்தில் நிறமும் மேடும் ஒன்றே: மஞ்சள் தடம் எங்கே முடிகிறதோ அங்கேதான் மேடும் முடியும், தடத்தின் நுனியில் தூரிகை தூக்கிய இடத்தில் சின்னதாக ஒரு கொக்கி எழும்பி நிற்கும். ஈரமாக இருந்த சிவப்பின்மேல் மஞ்சளை இழுத்திருந்தால், அந்த மஞ்சளுக்குள் சிவப்பு நூல்போல ஓடும். ஜெல் தடவிய பிரிண்டில் மேடு ஒரு பக்கம் போகும், நிறம் இன்னொரு பக்கம் போகும்.

நான் முதல்முறை ஏமாந்தது இந்த இடத்தில்தான். ஒரு கடையில் "ஆயில் ஆன் கேன்வாஸ்" என்று சீட்டு ஒட்டியிருந்த சிவப்புத் தோட்டம். தொட்டுப் பார்த்தேன், மேடு இருந்தது, வாங்கிவிட்டேன். வீட்டில் ஒருநாள் சாயங்கால வெயில் ஜன்னல் வழியாகச் சாய்வாக விழுந்தபோது பார்க்கிறேன், குனிந்து பழம் பறிக்கும் பெண்ணின் முதுகின்மேல் அரைவட்டமாக ஒரு தடவல். முதுகு, பின்னால் இருக்கும் கொடி, வானத்தின் ஓரம் மூன்றையும் ஒரே வீச்சில் கடந்து போகிறது. எந்த ஓவியன் அப்படி வரைவான்! பத்து ரூபாய் உருப்பெருக்குக் கண்ணாடியை வைத்துப் பார்த்தால் ஜெல்லுக்கு அடியில் மைப் புள்ளிகள்.

அப்புறம் பின்பக்கம். திருப்பிப் பாருங்கள் என்றால் தயங்கும் கடையில் வாங்காதீர்கள். கேன்வாஸ் இழுத்துக் கட்டிய மரச்சட்டத்தின் மூலைகளில் சின்ன மர ஆப்புகள் இருந்தால் நல்லது. துணி தளர்ந்தால் அவற்றைத் தட்டி இறுக்கலாம். ஓரங்களில் வண்ணம் வழிந்தோ, விரல் பட்டோ இருப்பதும் நல்ல அடையாளம்தான்.

நேரில் பார்க்க வழியில்லை, இணையத்தில்தான் வாங்க வேண்டும். எந்தப் படங்களைக் கேட்பது?

நான்கு கேளுங்கள். பகல் வெளிச்சத்தில் எடுத்த முழுப் படம், பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த நெருக்கப் படம், பின்பக்கம், ஓரம். முடிந்தால் பத்து விநாடி வீடியோ. ஓவியத்தை லேசாகச் சாய்த்துக் காட்டச் சொல்லுங்கள். விற்பவர் அனுப்பும் படம் அருங்காட்சியகத்தின் இணையதளப் படமாகவே இருந்தால், அவர் இன்னும் வரையவே ஆரம்பிக்கவில்லை என்று பொருள். அது குற்றமில்லை, ஆர்டர் எடுத்தபின் வரைகிறவர்கள் உண்டு. அப்படியென்றால் அனுப்புவதற்கு முன் முடிந்த ஓவியத்தின் படத்தைக் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும் என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தழுவல் ஓவியம் நன்றாக இருக்கிறதா, சுமாரா என்று எதை வைத்துச் சொல்வது?

முதலில் கொடியைப் பாருங்கள். ஆர்ல் பக்கத்துப் பழைய தோட்டங்களில் பந்தலும் கிடையாது, கம்பியும் கிடையாது. இடுப்பளவு உயரத்தில் ஒவ்வொரு கொடியும் தன் கட்டைக் காலில் குத்துச்செடியாக நிற்கும். நம் கம்பம் பள்ளத்தாக்கில் தலைக்கு மேலே பந்தல் போட்டு, பன்னீர் திராட்சை கொத்துக்கொத்தாகக் கீழே தொங்குவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, வான்கோவின் தோட்டம் திராட்சைத் தோட்டம் என்றே சட்டென்று தோன்றாது. பந்தலுக்கு அடியில் நிமிர்ந்து நின்று பறிக்கலாம். ஆர்லில் குனிந்தே ஆக வேண்டும், அதனால்தான் சிவப்புத் தோட்ட ஓவியம் முழுக்க வளைந்த முதுகுகள். கம்பி கட்டி நேர்கோட்டில் ஓடும் வரிசைகளும் தூரத்தில் சைப்ரஸ் மரங்கள் சூழ்ந்த மாளிகையும் இருந்தால், அது டஸ்கனியையோ கலிஃபோர்னியாவையோ காட்டும் சுற்றுலா அட்டை. பிடித்திருந்தால் வாங்குங்கள், ஆனால் அதை ஆர்ல் என்று விற்கவிடாதீர்கள்.

அடுத்தது வானம். தழுவல்களில் பாதிக்குமேல் திராட்சைத் தோட்டத்துக்கு மேலே சுழல் சுழலாக வானம் வைத்திருப்பார்கள். அந்தச் சுழல் 1889இல் சான்-ரெமி மருத்துவமனையில் இருந்தபோது வரைந்த "விண்மீன் இரவு" ஓவியத்துக்கு உரியது. சிவப்புத் தோட்டத்தின் வானத்தில் சுழலே இல்லை. மஞ்சள் தடங்கள் கிடையாக ஓடும், வலப்பக்கம் ஒரு பெரிய வெளிறிய சூரியன், அவ்வளவுதான். இரண்டையும் ஒட்டவைப்பது சாம்பாரில் பாயசத்தை ஊற்றுவதுபோல. இரண்டுமே நல்ல பண்டங்கள்தான்.

மூன்றாவது, வண்ண ஜோடி. சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை, மஞ்சளுக்குப் பக்கத்தில் ஊதா, நீலத்துக்குப் பக்கத்தில் ஆரஞ்சு என்று எதிர் நிறங்களை அண்டையில் வைத்தால் இரண்டும் கூடுதலாகத் துடிக்கும். வான்கோ இதைச் சோதிக்க ஓர் அரக்குப் பெட்டியில் வண்ண வண்ணக் கம்பளி நூல் உருண்டைகள் வைத்திருந்தார். இரண்டு மூன்று நிறங்களைச் சேர்த்து முறுக்கிப் பார்ப்பார். பெட்டி இன்றும் ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறது. நீங்கள் பார்க்கும் ஓவியத்தில் நிழல்கள் என்ன நிறம் என்று கவனியுங்கள். ஊதாவோ நீலமோ கரும்பச்சையோ இருந்தால் ஓவியருக்கு விஷயம் தெரியும். எல்லா நிழலுக்கும் கறுப்பைக் கலந்து மங்கலாக்கியிருந்தால், சிவப்பு எவ்வளவு கொட்டியிருந்தாலும் படம் அழுக்காகவே தெரியும்.

வண்ணம் நாளாக நாளாக வெளுத்துவிடுமா?

வான்கோவுக்கே வெளுத்தது. அவருக்குப் பிடித்த ஒரு சிவப்பு ஜெரேனியம் லேக். வெளிச்சம் பட்டால் போய்விடும் சாயம் அது. 1890இல் அவர் வரைந்த ரோஜாக்கள் முதலில் இளஞ்சிவப்பு, இன்று கிட்டத்தட்ட வெள்ளை. படுக்கையறை ஓவியத்தில் ஊதாவாக இருந்த சுவர், சிவப்பு போய்விட்டதால் இன்று நீலம். அவர் பயன்படுத்திய குரோம் மஞ்சளும் வெளிச்சத்தில் கருக்கும். ஆகவே நாம் இன்று நகலெடுப்பது பல இடங்களில் வெளுத்துப்போன நிறத்தைத்தான்.

இன்றைய வண்ணங்கள் இதைவிட எவ்வளவோ நம்பகமானவை, வாங்குகிறவர் சரியானதை வாங்கினால். ஓவியரிடம் எந்தச் சிவப்பு போட்டீர்கள் என்று கேட்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டார். டியூபின் பின்னால் நிறமியின் குறியீடு இருக்கும். பழைய அலிசரின் கிரிம்சன், அதாவது பிஆர்83, வெளுக்கக்கூடியது. பைரோல் சிவப்பு, பிஆர்254, நன்றாகத் தாங்கும். சிவப்பே உயிராக உள்ள ஓவியத்துக்கு இந்த ஒரு கேள்வி போதும். பிரிண்ட் என்றால் மை பிக்மென்ட்டா, டையா (கரையும் சாயமா) என்று கேளுங்கள். டை மை சீக்கிரம் வெளுக்கும்.

எந்த அளவு வாங்கலாம்?

வான்கோ ஆர்லில் வரைந்த இரு திராட்சைத் தோட்டங்களும் ஏறக்குறைய 92க்கு 73 சென்டிமீட்டர். பிரான்ஸில் அன்று கடையில் "30ஆம் எண் கேன்வாஸ்" என்று கேட்டால் கிடைத்த அளவு அது. தூரிகைத் தடங்கள் அந்த அளவுக்குத்தான் பொருந்தி உட்காரும். அதையே ஐந்தடிக்கு நீட்டினால் தடங்கள் வாழைப்பழம்போல் ஊதிவிடும், ஓரடிக்குக் குறுக்கினால் கொடியும் ஆளும் கூழாகிவிடும். சோபாவுக்கு மேலே மாட்டுவதென்றால் சோபா அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். ஒரு செய்தித்தாளை அந்த அளவுக்கு வெட்டிச் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

விலை நியாயமா என்று எப்படித் தெரியும்?

பொருள் செலவிலிருந்து கணக்குப் போடுங்கள். தடிமனாக அப்பிய ஓவியம் டியூப் டியூபாக வண்ணத்தை விழுங்கும். கலைஞர் தர வண்ணம், கேன்வாஸ், சட்டம் எல்லாம் சேர்ந்தால் 92க்கு 73 அளவுக்கே சில ஆயிரம் ரூபாய் ஆகிவிடும். அதன்மேல் ஒருவருடைய பல நாள் உழைப்பு. ஆகவே ஃப்ரேமோடு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குக் "கையால் வரைந்த ஆயில் பெயின்டிங்" என்றால், அந்த நான்கு சொற்களில் ஏதோ ஒன்று பொய்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். நகல் ஓவியத்தை "முதலீடு" என்று சொல்லி விற்பவரை நம்பாதீர்கள். நகலுக்கு மறுவிற்பனைச் சந்தை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சொந்தமாக வரைகிற ஓவியரின் தழுவலுக்கு அவர் வளர்ந்தால் விலை ஏறலாம், ஏறாமலும் போகலாம்.

சுருட்டி அனுப்புகிறேன் என்கிறார். சரியா?

மெல்லிய பூச்சு என்றால் சரி. தடிமனான பூச்சு என்றால் வேண்டாம். எண்ணெய் வண்ணம் தண்ணீர்போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து மெதுவாக இறுகும். மேல் தோல் காய்ந்திருக்கும், உள்ளே வெண்ணெய்போல் இருக்கும். அரை அங்குலத் தடத்துக்கு மாதக்கணக்கில் ஆகும். அதைச் சுருட்டினால் மேடுகள் நசுங்கும், இல்லாவிட்டால் வெடிக்கும். சுருட்டித்தான் தீர வேண்டுமென்றால் அகலமான குழாயில், வண்ணப் பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்ட வேண்டும். உள்ளே வைத்துச் சுருட்டினால் பூச்சு ஒன்றோடொன்று நெருக்குண்டு நசுங்கும். வந்தவுடன் பிரித்து விரித்துவிடுங்கள், விருந்தாளி வந்தபின் பார்க்கலாம் என்று பரண்மேல் போடாதீர்கள். வார்னிஷும் அப்படித்தான்: ஆறு மாதமாவது போகட்டும்.

சென்னை மாதிரி கடலோர ஊரில் ஓவியம் தாங்குமா?

தாங்கும், சுவர் சரியாக இருந்தால். எதிரி கடல் காற்றைவிட மழைக்காலத்தில் கசியும் வெளிச்சுவர்தான். என் வீட்டில் ஐப்பசியில் ஒரு கேன்வாஸின் முதுகில் சாம்பல் நிறத்தில் பூஞ்சை வட்டமாகப் பூத்திருந்தது. முன்பக்கம் பளிச்சென்று இருந்ததால் தை வரை யாருக்கும் தெரியவில்லை. உள்சுவரில் மாட்டுங்கள். ஃப்ரேமின் கீழ் மூலைகளில் ரப்பர் குமிழ் ஒட்டிச் சுவருக்கும் ஓவியத்துக்கும் நடுவே விரற்கடை இடைவெளி விடுங்கள், காற்று போகட்டும். எண்ணெய் ஓவியத்துக்குக் கண்ணாடி வேண்டாம். தாளில் அச்சடித்த பிரிண்டுக்குக் கண்ணாடி வேண்டும், ஆனால் தாள் கண்ணாடியைத் தொடாதபடி நடுவே மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். பூஜை விளக்குக்கும் அடுப்புக்கும் நேரே மாட்டினால் இரண்டு வருடத்தில் மஞ்சள் எல்லாம் புகை நிறமாகிவிடும்.

விளக்கு?

நேர் வெயில் கூடாது. எல்இடி போதும்; பெட்டியில் சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கான எண்) 90க்கு மேல் என்று போட்டிருப்பதை வாங்குங்கள், சிவப்பு சிவப்பாகத் தெரியும். விளக்கை நேர் எதிரே வைக்காமல் மேலிருந்து சாய்வாக விழவையுங்கள். தடிமனாக வரைந்த ஓவியத்துக்குக் கொடுத்த காசு அந்த நிழல்களுக்குத்தானே.

பழைய ஓவியத்தை நகலெடுத்து விற்பது சட்டப்படி சரியா?

சரிதான். இந்தியாவில் ஓவியர் இறந்து 60 ஆண்டுகள் வரை காப்புரிமை. வான்கோ 1890இலும், கோகன் 1903இலும், செசான் 1906இலும் இறந்தவர்கள். நகலை நகல் என்றே விற்கும்வரை சிக்கல் இல்லை. மூலம் என்று நம்பவைத்து விற்றால் மோசடி. இன்றைய ஓவியர் ஒருவருடைய தழுவலை இன்னொருவர் நகலெடுத்தாலோ, அங்கே காப்புரிமை உயிரோடு இருக்கிறது.

ஏஐ உருவாக்கிய படத்தை அச்சடித்து விற்கிறார்களாமே?

நிறையவே. கொடியைக் கண்ணால் பின்தொடருங்கள்: ஒரு தண்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று. இந்தப் படங்களில் தண்டு பாதியில் தரையாகிவிடும், பழம் பறிக்கும் பெண்ணின் கை கூடையாகிவிடும். தடங்கள் எல்லாம் ஒரே நீளம், ஒரே தடிமன். வானத்துக்கும் மண்ணுக்கும் இலைக்கும் வித்தியாசம் இருக்காது. வான்கோ அப்படி வரையவில்லை. கொடிக்கு ஒரு தடம், மண்ணுக்கு ஒரு தடம், சூரியனைச் சுற்றி வேறொன்று. பிடித்திருந்தால் வாங்கலாம்தான், ஆனால் போஸ்டர் விலைக்கு.

ஓர் ஓவியரிடம் சொல்லி வரையவைக்கலாமா?

நான் யோசனை சொல்வதென்றால் இதைத்தான் சொல்வேன். "சிவப்புத் திராட்சைத் தோட்டம் மாதிரியே வேண்டும்" என்று கேட்காதீர்கள். எந்த ஓவியம், அதில் எது பிடித்தது என்று சொல்லுங்கள்: ஊதா மண்ணா, அந்தப் பெரிய சூரியனா, வலப்புறம் தண்ணீர்போல் மினுங்கும் அந்தப் பரப்பா. அதை ஆறு என்பாரும் உண்டு, மழையில் நனைந்த பாதை என்பாரும் உண்டு. அளவு, வண்ணத்தின் தடிமன், தொகை, முன்பணம், எத்தனை முறை திருத்தம் கேட்கலாம் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். முழு ஓவியத்துக்கு முன் ஒரு சின்ன வண்ண மாதிரி கேட்டால் தருவார்கள். பிறகு விட்டுவிடுங்கள். தோள்மேல் நின்று "இன்னும் கொஞ்சம் சிவப்பு, சார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் இரண்டு பேருக்கும் பிடிக்காத ஓவியம்தான் வரும். அப்படி ஒன்று என் வீட்டு மாடிப்படியில் தொங்குகிறது.

தூசி தட்டுவது எப்படி?

ஈரத்துணி கூடவே கூடாது. மெல்லிய, புத்தம்புதிய, உலர்ந்த தூரிகை ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொண்டு மேலிருந்து கீழாக லேசாகத் தள்ளுங்கள். மேடுகளின் இடுக்கில் சிலந்தி நூல் கட்டியிருக்கும், ஊதினாலே போய்விடும். வீட்டு வேலைக்கு வருகிறவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். போன பொங்கலுக்கு எங்கள் வீட்டில் அதன்மேல் சோப்புத் தண்ணீர் தெளிப்பதற்குள் ஓடிப்போய்த் தடுத்தேன்.